வெளிநாட்டுச் சந்தையில் நுழையத் திட்டமிடும் முறை: எதைத் திரும்பப் பெற முடியும், எதை முடியாது

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான டார்கெட், கனடாவில் இயங்கிவந்த ஸெல்லர்ஸ் கடைகளின் குத்தகை உரிமைகளை 2011-இல் ஏறத்தாழ 180 கோடி கனடிய டாலர் கொடுத்து வாங்கியது. பூட்டிக் கிடக்கும் கடைக்கும் வாடகை ஓடும் என்பதால், 2013-இல் ஒரே ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளைத் திறந்தாக வேண்டிய நெருக்கடி அதற்கு ஏற்பட்டது. புதிய கணினி அமைப்பில் சரக்கு விவரங்கள் பிழையாகப் பதிவாகியிருந்ததால், கிடங்குகள் நிரம்பி வழிய, கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. 2015 ஜனவரியில் 133 கடைகளையும் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

கனடா டார்கெட்டுக்கு அறிமுகமில்லாத நாடு அன்று. எல்லையைக் கடந்து வந்து அதன் கடைகளில் பொருள் வாங்கிய கனடியர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். பிழை, முடிவுகளை எடுத்த வரிசையில் இருந்தது. திரும்பப் பெற முடியாத முடிவு முதலில் வந்தது, கற்றுக்கொள்வது அதன் பின்னர் வந்தது. ஆகவே கீழே கூறப்படும் ஒவ்வொரு படியிலும், ‘இது தவறாகிப்போனால் இதிலிருந்து வெளியேற எவ்வளவு செலவாகும்?’ என்ற கேள்வியை உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, சொந்த நாட்டில் உங்கள் நிறுவனம் வெல்வதற்கான காரணத்தை ஒரே பக்கத்தில் எழுதி, அது எல்லையைக் கடந்து உடன் வருமா என்று சோதிப்பது. ‘தரமான பொருள்’, ‘நல்ல சேவை’ போன்ற பதில்களை ஏற்காதீர்கள். வால்மார்ட் 1997-இல் ஜெர்மனியில் நுழைந்தபோது, அதன் பலம் மலிவு விலை. அந்த மலிவுக்கு அடிப்படை, அமெரிக்காவில் அது செய்யும் பெருங்கொள்முதல். ஜெர்மனியிலோ ஆல்டி, லிடில் ஆகிய உள்நாட்டுக் கடைத்தொடர்கள் மலிவு விலையில் வேரூன்றியிருந்தன. ஏறத்தாழ 85 கடைகளை வைத்துக்கொண்டு அவற்றுக்கு நிகராகக் கொள்முதல் செய்ய இயலாது. அடக்க விலைக்குக் கீழே விற்பதையும் 2000-இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் தடுத்தது. 2006-இல் கடைகளை மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வால்மார்ட் வெளியேறியது. வாடிக்கையாளரைப் பார்த்து ஊழியர்கள் புன்னகைத்தது ஜெர்மானியருக்குப் பிடிக்கவில்லை என்ற கதையே இன்றுவரை அதிகம் சொல்லப்படுகிறது. சுவையான கதைதான், ஆனால் கொள்முதல் கணக்கே முதன்மைக் காரணம் என்பது என் மதிப்பீடு.

நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மக்கள்தொகையும் வருமானமும் மட்டுமே உள்ள அட்டவணை ஏமாற்றும். வணிக மேலாண்மைப் பேராசிரியர் பங்கஜ் கேமாவத் 2001-இல் முன்வைத்த முறை இங்கே உதவும்: பண்பாடு, நிர்வாகமும் அரசியலும், புவியியல், பொருளாதாரம் என நான்கு வகைத் தொலைவுகளை அளந்து, சந்தையின் அளவை அதற்கேற்பக் குறைத்து மதிப்பிடுவது. நான்கும் எல்லாத் தொழிலுக்கும் சமமான எடை உடையவை அல்ல. சிமென்டுக்குப் புவியியல் தொலைவும், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மொழித் தொலைவும், மருந்துக்கு உரிமம் வழங்கும் அமைப்புகளுக்கு இடையிலான தொலைவும் முதன்மையானவை. உங்கள் பொருளுக்கு எது முதன்மை என்பதை முடிவு செய்யாமல் நான்குக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவதால் பயனில்லை.

நுழையும் வழியைத் தீர்மானிப்பதில்தான் மிகுந்த நேரம் செலவிட வேண்டும். ஏற்றுமதி, உரிமம் வழங்குதல், கூட்டு நிறுவனம், சொந்தத் துணை நிறுவனம் என்ற வரிசையில் செல்லச் செல்லக் கட்டுப்பாடு கூடுகிறது. வெளியேறும் செலவும் கூடுகிறது. டொயோட்டா அமெரிக்காவில் கார் தயாரிக்க முற்பட்டபோது, 1984-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஆலையில் கூட்டாக உற்பத்தியைத் தொடங்கியது. அங்குள்ள தொழிலாளர்களோடும் உதிரிபாக உற்பத்தியாளர்களோடும் தன் முறை இயங்குமா என்பதை அங்கே அறிந்துகொண்ட பின்னரே, 1988-இல் கென்டக்கியில் தன் சொந்த ஆலையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது.

ஆனால் கூட்டு நிறுவனம் எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சு உணவு நிறுவனமான டனோன் 1996-இல் சீனாவின் பான நிறுவனமான வஹாஹாவுடன் இணைந்தது. வணிக முத்திரை யாருக்கு உரியது, கூட்டாளி வெளியே போட்டித் தொழில் நடத்தலாமா என்ற சச்சரவு முற்றி, 2009-இல் டனோன் தன் 51 சதவீதப் பங்கை விற்று விலகியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே முத்திரையின் உரிமை, போட்டித் தடை, இரு தரப்பும் முரண்பட்டு முடிவெடுக்க இயலாத நிலையில் யார் யாருடைய பங்கை எந்த விலைக்கு வாங்குவது ஆகியவற்றை எழுதிவிடுங்கள். உறவு இனிமையாக இருக்கும்போது இவற்றைப் பேசுவது சங்கடமானதே. அது கெட்டபின் பேசவே முடியாது.

விநியோகஸ்தரை நியமிப்பது எளிய முடிவாகத் தோன்றினாலும், நாடு முழுவதற்குமான தனியுரிமையைக் காலவரம்பின்றி அளித்துவிட்டால் அதுவும் பூட்டாகிவிடும். ஆண்டுக் குறைந்தபட்சக் கொள்முதலை நிபந்தனையாக்கி, குறுகிய காலத்துக்கே தனியுரிமை கொடுங்கள். பொருளை வாங்கி விற்காமல், உங்கள் சார்பில் விற்றுத் தரும் முகவர் எனில் சட்டம் வேறு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 1986-ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, வணிக முகவரின் ஒப்பந்தத்தை முடிக்கும்போது பொதுவாக இழப்பீடு தர வேண்டியிருக்கும். வணிக முத்திரையை, விநியோகஸ்தருடன் பேச்சைத் தொடங்கும் முன்பே, உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்ற விதியுள்ள நாடுகளில், தாமதித்தவர் தன் பெயரைத் தானே விலை கொடுத்து வாங்க நேரிடும். வணிக முத்திரைகளுக்கான பன்னாட்டுப் பதிவு ஏற்பாடான மாட்ரிட் முறையில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கோரலாம். ஆனால் முதல் 5 ஆண்டுகள் அப்பதிவு தாய்நாட்டுப் பதிவைச் சார்ந்தே நிற்கும்.

நாணயத்தைப் பொறுத்தவரை, எந்த நாணயத்தில் விலை குறிக்கிறீர்களோ அதில்தான் இடர்ப்பாடு ஒளிந்திருக்கிறது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்ற வரம்பைக் கைவிட்டபோது, ஃபிராங்கின் மதிப்பு திடீரென உயர்ந்து, யூரோவில் விற்று ஃபிராங்கில் செலவு செய்த நிறுவனங்களின் இலாபம் ஒரே நாளில் சுருங்கியது. வரியில், ஒப்பந்தங்களை முடிக்கும் அதிகாரமுள்ள ஒரே ஒரு ஊழியர் அங்கே பணிபுரிந்தாலும் நிறுவனத்துக்கு அந்நாட்டில் வரிப் பொறுப்பு எழலாம். ஐரோப்பியத் தனிநபர் தரவுச் சட்டத்தின் அபராதம் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் வரை செல்லக்கூடியது. அங்கே நீங்கள் விற்கும் தொகை சிறியது என்பதால் மட்டும் இடர்ப்பாடும் சிறியதாகிவிடாது.

எந்த முடிவை எங்கே எடுப்பது என்பதையும் தொடக்கத்திலேயே வகுக்க வேண்டும். அமெரிக்க இணைய விற்பனைத் தளமான ஈபே 2003-இல் அதே தொழிலில் இருந்த சீனாவின் ஈச்நெட்டை வாங்கிய பின், அந்தத் தளத்தைத் தன் உலகளாவிய அமைப்புக்கு மாற்றியது; தளம் மெதுவானது, சிறிய மாற்றங்களுக்கும் தலைமையகத்தை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. விற்பவர்கள் கட்டணமின்றிப் பொருள்களைப் பட்டியலிட அனுமதித்த சீனப் போட்டித் தளமான தாவ்பாவ் முந்திச் சென்றது. விலை, பொருள் வரிசை, பணியமர்த்தல் ஆகியவற்றில் உள்ளூர் மேலாளர் யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவுகளைத் தொகை வரம்புடன் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, வெளியேறும் நிபந்தனைகளை நுழையும் முன்பே எழுதுங்கள்: எத்தனை மாதங்களில், எந்த விற்பனை அளவை எட்டாவிட்டால், எந்த அளவுக்குச் சுருக்குவது என்று. அதை மதிப்பிடுபவர் இத்திட்டத்தை முன்மொழிந்தவராக இருக்கக் கூடாது. குத்தகை முறிவு, ஊழியர் இழப்பீடு, விற்ற பொருளுக்கான உத்தரவாதம் ஆகியவற்றின் செலவை முதல் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். முழுமையாக மூடுவது மட்டுமே வழி என்றும் கருத வேண்டாம். 2000-இல் ஆஸ்திரேலியாவில் நுழைந்த ஸ்டார்பக்ஸ், 2008-இல் 84 கடைகளில் 61-ஐ மூடியது. எஞ்சியவற்றைப் பெருநகரங்களில் நடத்தி, 2014-இல் உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் உரிம அடிப்படையில் ஒப்படைத்தது.