அலியா, டைசனா? எந்த வருஷத்து அலி, எந்த வருஷத்து டைசன்?

போன மாதம் காரைக்குடியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மத்தியானப் பந்தி முடிந்து, வளவில் வெயில் சாய்கிற நேரம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஆளுக்கொரு தூணாகப் பிடித்துச் சாய்ந்திருந்தோம். இஞ்சினியரிங் படிக்கும் என் தம்பி மகன் போனில் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் நாக் அவுட்டுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தான். "இந்த ஆளு முன்னாடி முகமது அலியெல்லாம் ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டாரு" என்றான்.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். அவர் 1980இல் மெட்ராஸில் வேலையில் இருந்தவர். அந்த வருஷம் அலி அங்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதை நேரில் பார்த்தவர். சரி, பையனுக்கு நல்ல பூசை விழப்போகிறது என்று நினைத்தேன். அவரோ, "அவன் சொல்றது சரிதான்ப்பா. நான் கண்ணால பார்த்தேன். ஆளு ராஜா மாதிரி இருந்தாரு. ஆனா வேகமெல்லாம் ஒண்ணும் பெருசா இல்லை" என்றார்.

கண்ணால் பார்த்த சாட்சியே இப்படிக் கவிழ்ந்தால் என்ன செய்வது? பெரியப்பா பார்த்த அலிக்கு வயது 38. ஓய்வு பெறுவதாக அறிவித்து, உடம்பு கனத்திருந்த அலி. அந்த அக்டோபரிலேயே லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கி, பதினொன்றாவதற்கு எழாமல் மூலையிலேயே உட்கார்ந்துவிட்டார். பையன் பார்த்தது 21, 22 வயது டைசனை. ஒருவரின் கிழப்பருவத்தையும் இன்னொருவரின் உச்சத்தையும் எடுத்து மோதவிட்டு, இரண்டு பேரையும் ஒப்பிட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இந்த மாதிரிப் பேச்சில் முதலில் வரும் தவறு இதுதான். மற்ற தவறுகள் பலவும் இதன் பிள்ளைகள்.

வேடிக்கை என்னவென்றால், மஞ்சுவிரட்டுக் காளையைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. சிராவயல் பொட்டலில் ஒரு மாடு பேர் எடுத்திருந்தால், "அது ரெண்டு பல்லுல இறங்குனப்ப பார்த்திருக்கணும்", "கடை சேர்ந்ததுக்கப்புறம் அவ்வளவு இல்லை" என்று வயதையும் சேர்த்துத்தான் பேச்சே வரும். மாட்டுக்குக் கொடுக்கும் இந்த மரியாதையை மனிதனுக்கும் கொடுத்தால் போதும்.

அலி என்றால் எந்த அலி? 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த 24 வயது அலி, கால் தரையில் பாவாத அலி. வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததால் 1967இல் பட்டத்தைப் பிடுங்கி, மூன்றரை வருஷம் மேடையேற விடாமல் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆள். கால் குறைந்தது, தாங்கும் சக்தியும் தந்திரமும் கூடியிருந்தன. 1974இல் ஜார்ஜ் ஃபோர்மேனை வென்றது இந்த இரண்டாவது அலி. டைசனுக்கும் இதே கதைதான். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்தவர், 2002இல் லெனாக்ஸ் லூயிஸிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தார். பெயர் மட்டும்தான் ஒன்று. ராக்கி மார்சியானோ 1951இல் ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே தள்ளியதை வைத்து, "மார்சியானோதான் பெரியவர், நேரிலேயே ஜெயித்தாரே" என்பவர்கள் உண்டு. ஜோ லூயிஸுக்கு அப்போது 37 வயது, அதுவே அவருடைய கடைசிச் சண்டை. நேரில் மோதிக்கொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால் கற்பனையில் மோதுகிறவர்களைக் கேட்க வேண்டாம்.

அடுத்தது, நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிற இடம். கணக்குப் போடும் பழக்கம் உள்ள ஊர் அல்லவா? அ ஆவை ஜெயித்தான், ஆ இயை ஜெயித்தான், ஆகவே அ இயை ஜெயிப்பான் என்று பேரேட்டில் வரவு வைப்பதுபோல் கூட்டிவிடுகிறோம். குத்துச்சண்டையில் இந்தக் கூட்டல் செல்லாது என்பதை எழுபதுகளில் நான்கு பேர் நிரூபித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் ஜார்ஜ் ஃபோர்மேன் அதே ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் உருட்டினார். 1973 மார்ச்சில் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். ஓராண்டு கழித்து ஃபோர்மேன் அந்த நார்ட்டனையும் இரண்டாவது ரவுண்டில் முடித்தார். கூட்டிப் பார்த்தால், அலி ஃபோர்மேன் முன்னால் நிற்கவே கூடாது. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மேன்.

ஏன் என்று பார்த்தால்தான் சுவாரசியம். ஃப்ரேசியர் குனிந்து, தலையை ஆட்டி ஆட்டி, எதிராளியின் நெஞ்சுக்குள் புகுந்து இடது கையை வீசுகிறவர். பின்வாங்குகிறவருக்கு அது நரகம். ஃபோர்மேன் பின்வாங்காதவர். வருகிறவனை இரண்டு கையாலும் தள்ளி நிறுத்தி, கீழிருந்து மேலே அடிப்பார். அவரிடம் குனிந்து புகுவது, உலக்கைக்கு அடியில் போய்த் தலையைக் கொடுப்பது மாதிரி. நார்ட்டனுக்கு அலியின் இடது கைக் குத்தின் தாளம் பிடிபட்டிருந்தது. அலி நீட்டும் அதே நொடியில் இவரும் நீட்டுவார். ஆனால் அவர் முன்னேறிச் சண்டை போடப் பிறந்தவர். பின்னால் நடக்க வைத்தால் பாதி ஆள்தான். ஃபோர்மேன் அவரைப் பின்னால் நடக்க வைத்தார். அலி இந்த இருவர் செய்ததையும் செய்யவில்லை. கயிற்றில் சாய்ந்து, கழுத்தைப் பிடித்து இழுத்து, கையில் அடி வாங்கிக்கொண்டே ஃபோர்மேனின் மூச்சைக் காலி செய்தார். ஆக, யார் யாரை வென்றார் என்பதைவிட, எந்த விதமான ஆள் இவருக்குத் தொந்தரவு கொடுத்தான் என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

உடல் எடை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். மார்சியானோ பட்டம் வைத்திருந்தபோது 185 பவுண்டை ஒட்டி இருந்தார், சுமார் 84 கிலோ. இன்றைய கணக்கில் 200 பவுண்டுக்கு உட்பட்டவருக்கு குரூசர்வெயிட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. இன்று பிறந்திருந்தால் அவர் மேல் பிரிவான ஹெவிவெயிட்டே இல்லை. (பவுனைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசும் ஊரில் பவுண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் குறை.) இந்தக் காலத்து வீரர், ஆறடி ஒன்பது அங்குல டைசன் ஃபியூரியின் முன்னால் மார்சியானோவை நிறுத்திப் பார்ப்பது எனக்குச் சங்கடம்தான். அதற்காகப் பெரிய உடம்பு வந்தாலே ஆட்டம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. 1919இல் ஜாக் டெம்ப்ஸி 187 பவுண்டு, எதிரே ஜெஸ் வில்லர்ட் 245. முதல் ரவுண்டிலேயே வில்லர்ட் ஏழு முறை விழுந்தார். வில்லர்டுக்கு வயதாகியிருந்தது, பயிற்சியும் கிடையாது என்று தள்ளினால், 2024 மே மாதத்தைப் பாருங்கள். குரூசர்வெயிட்டில் இருந்து மேலே வந்த ஒலெக்சாண்டர் உசிக், தன்னைவிட ஏறக்குறைய 40 பவுண்டு கனத்த ஃபியூரியை வென்றார். கனம் மட்டும் இருப்பவனைச் சின்ன ஆள் வெட்டலாம். கனத்தோடு நல்ல இடது கையும் இருக்கிற லெனாக்ஸ் லூயிஸ் மாதிரி ஆளிடம்தான் பழைய வீரர்கள் திணறுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

விதிமுறையைச் சொல்லாமல் மோதவிடுவதும் வீண். வில்லர்ட் ஏழு முறை விழுந்தார் என்றேனே, ஒவ்வொரு முறையும் டெம்ப்ஸி பக்கத்திலேயே நின்று, அவர் எழ எழ அடித்தார். அன்றைக்கு அது குற்றமில்லை. எட்டு வருஷம் கழித்து, 1927இல் ஜீன் டன்னியைச் சாய்த்தபோது, அடித்தவர் ஒதுங்கி மூலைக்குப் போன பிறகே, விழுந்தவருக்குப் பத்து எண்ண வேண்டும் என்று விதி வந்திருந்தது. டெம்ப்ஸி பழைய பழக்கத்தில் அங்கேயே நின்றார். எண்ணிக்கை தாமதமானது, டன்னி எழுந்துகொண்டார், சண்டையையும் ஜெயித்தார். ரவுண்டுக் கணக்கும் அப்படியே. 1982இல் கொரிய வீரர் கிம் டுக் கூ 14ஆவது ரவுண்டில் அடிபட்டு இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் 15இல் இருந்து 12க்குக் குறைய ஆரம்பித்தன. அந்த மூன்று ரவுண்டு சும்மா இல்லை. 1971இல் ஃப்ரேசியர் அலியைத் தரையில் விழ வைத்தது 15ஆவது ரவுண்டில்.

மோதிய 49 சண்டையிலும் மார்சியானோ ஜெயித்தார், 49க்கு 49 என்பதைக் காட்டி வாதத்தை முடிக்கப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கணக்கு உண்மை, பெருமையும் கூட. ஆனால் பட்டம் வாங்கிய 1952 சண்டையில் முதல் ரவுண்டிலேயே ஜெர்சி ஜோ வால்காட் அவரை விழ வைத்தார். வால்காட்டுக்கு அப்போது 38. 12 ரவுண்டு வரை மூன்று நடுவர்களின் தாளிலும் பின்தங்கியிருந்து, பதின்மூன்றாவதில் ஒரே வலது கையால் மீண்டார். எண்ணை மட்டும் பார்த்தால் இந்தக் கஷ்டமும் தெரியாது, அவருடைய பிடிவாதமும் தெரியாது. லாரி ஹோம்ஸ் 48க்கு 48 வரை வந்து 1985இல் தடுக்கி விழுந்தார். ஒரு ராத்திரி நன்றாகப் போயிருந்தால் இன்று அவரைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும்.

பழைய படச்சுருளைப் பார்த்துச் சிரிப்பதையும் நிறுத்தலாம். அது கையால் சுற்றி எடுத்த படம், ஓட்டும் வேகம் மாறினால் மனிதன் பொம்மை மாதிரி வெட்டி வெட்டித்தான் நடப்பான்.

"கம்ப்யூட்டர்ல போட்டா தெரிஞ்சிரும்" என்றான் பையன். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1969இல் தடையில் இருந்த அலியையும், உடம்பைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்ட மார்சியானோவையும் மேடையேற்றி, பல முடிவுகளோடு படம் பிடித்தார்கள். கம்ப்யூட்டர் சொன்ன முடிவு என்று 1970 ஜனவரியில் திரையிட்டபோது, 13ஆவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டியதில் அலி ஜெயித்தார்! மார்சியானோ எதையும் பார்க்கவில்லை. முந்தைய ஆகஸ்டிலேயே விமான விபத்தில் இறந்திருந்தார்.

அப்புறம் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 1966 அலி, 1988 டைசன் என்று வைத்துக்கொண்டேன். அலிக்கு ஒரு கெட்ட பழக்கம், கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு தலையை நேராகப் பின்னால் இழுப்பார். அந்த இடத்தில் இடது கை வீச்சு நுழையும். 1963இல் ஹென்றி கூப்பர் அப்படித்தான் விழ வைத்தார், ஃப்ரேசியரும் அப்படித்தான். டைசனின் இடது கை அவர்களுடையதைவிட வேகமானது, ஆகவே முதல் நான்கு ரவுண்டு அலிக்கு உயிர்ப் பயம்தான். அதைத் தாண்டிவிட்டால், நீளக் கையும் காலும் உள்ளவரைத் துரத்தி டைசன் சலிப்பார். 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் நீளக் கையால் அவரைத் தள்ளி வைத்தே பத்தாவது ரவுண்டில் முடித்தாரே. நான் அலி பக்கம், கடைசி ரவுண்டுகளில்.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு ரவுண்டு தாண்டினால்தானே என்கிறான். பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அது இருக்கட்டும்ப்பா. ஆட்டம் எத்தனை ரவுண்டு, பதினஞ்சா பன்னெண்டா?"