அப்பாவின் பிஎஸ்ஏ நோட்டு: நீங்களும் ஒன்று எழுதுங்கள்

அப்பாவுக்குப் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை எடுத்து ஐந்து வருடங்கள் ஆகின்றன. வீட்டுப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், இரத்தப் பரிசோதனையில் வரும் அவருடைய பிஎஸ்ஏ எண்களை எழுத ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் எங்களுக்கு எவ்வளவோ உதவியது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்.

பிஎஸ்ஏ, புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். விந்து இறுகாமல் நீர்க்கச் செய்வது அதன் வேலை. நல்ல செல்லும் சுரக்கும், புற்றுநோய்ச் செல்லும் சுரக்கும்; சுரப்பி உடம்பில் இருக்கும்வரை எண் குழப்பத்தான் செய்யும். முழுதாக எடுத்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, ஒன்றரை மாதத்திற்குள் அநேகமாக ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும்.

நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தேதி, எண், ஆய்வகம், மருந்துகள், உடம்பு எப்படி இருந்தது.

ஆய்வகத்தின் பெயரை ஏன் எழுத வேண்டும் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இரண்டு வருடம் 0.05 என்றே இருந்த எண், தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது வேறோர் இடத்தில் 0.12 என்று வந்தது. அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. வழக்கமான ஆய்வகத்தில் மறுபடி பார்த்தபோது 0.06. பரிசோதனை முறை மாறினால் எண்ணும் மாறும். ஒரே ஆய்வகத்தை விடாதீர்கள்.

சுரப்பி இருப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, சிறுநீர்க் குழாய் போட்டது, பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) எல்லாமே எண்ணை ஏற்றும். ஆறு வாரமாவது பொறுத்துப் பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளைச் சில மாதங்கள் சாப்பிட்டால் எண் ஏறத்தாழப் பாதியாகிவிடும். முடி வளர்ச்சிக்கென்று சாப்பிடும் பயோட்டின் வைட்டமின்கூடச் சில கருவிகளில் எண்ணைக் குறைத்துக் காட்டும். மருத்துவரிடம் ஒன்றையும் மறைக்காதீர்கள்.

காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. அறுவை சிகிச்சை செய்தவருக்கு 0.2 ஆகி, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் நோய் திரும்பியதாகக் கொள்கிறார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவருக்கோ, தொட்ட மிகக் குறைந்த எண்ணுக்கு மேல் 2 ஏற வேண்டும். நடுவே தானே ஏறி இறங்குவதும் உண்டு.

எண்ணைவிட அது ஏறும் வேகத்தைப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு பிப்ரவரியில் 0.11, ஆகஸ்டில் 0.16, அடுத்த பிப்ரவரியில் 0.22. இரட்டிப்பாக ஒரு வருடம். இதே இரட்டிப்பு மூன்று மாதத்திற்குள் நடந்தால் நோய் பரவும் அபாயம் மிக அதிகம். மருத்துவர் நோட்டைக் கையில் வாங்கி, விரலால் அந்த மூன்று வரிகளைத் தொட்டுத் தொட்டுக் கணக்குப் போட்டார். மறுபரிசோதனையும் அதையே சொன்னதால் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எழுதினார்.

பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் பிஎஸ்எம்ஏ வேறு புரதம். அது செல்லின் மேற்பரப்பிலேயே இருக்கும். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றினால் அது போய் இந்தப் புரதத்தில் ஒட்டி, நோய் இருக்குமிடத்தைப் படத்தில் காட்டும். ஆனால் பிஎஸ்ஏ இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்பாவுக்குத் தெரியவில்லை. அதற்காகக் காத்திருக்கவில்லை; எண் சிறிதாக இருக்கும்போதே கொடுத்தால்தான் பலன் அதிகம் என்று, சுரப்பி இருந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள்.

ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். சில புற்றுநோய்ச் செல்கள் பிஎஸ்ஏ சுரப்பதையே நிறுத்திவிடும். எண் அமைதியாக இருக்க, நோய் எலும்புக்குப் போயிருக்கும். அப்போது இரத்தத்தில் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஏறலாம். கல்லீரல் கோளாறிலும் அது ஏறும் என்பதால் தனியாக அதை நம்ப முடியாது. வலி, எடை, பசி மூன்றையும் எழுதுங்கள். நோயாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். அப்பா எப்போதும் "நன்றாக இருக்கிறேன்" என்றுதான் சொல்வார். "நேற்று இடுப்பு வலியில் புரண்டு புரண்டு படுத்தார்" என்று சொல்வது அம்மாதான். நான் அம்மா சொல்வதைத்தான் எழுதுகிறேன்.