மைனாரிட்டி ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2002-இல் வந்த ஸ்பீல்பெர்க் படம் ‘மைனாரிட்டி ரிப்போர்ட்’. கதை நடப்பது 2054-இல், வாஷிங்டன் நகரில். நடக்கப்போகும் கொலையை முன்கூட்டியே காணும் மூன்று பேர். அவர்கள் கண்டதை வைத்து, கொலை செய்யப்போகிறவரைப் பிடிக்கும் போலீஸ் பிரிவு. ஒருநாள் அந்தப் பிரிவின் தலைவன் ஜான் ஆண்டர்டன் பெயரே கொலையாளியின் பெயராக வந்து விழுகிறது. அப்புறம் டாம் குரூஸ் ஓட ஆரம்பிக்கிறார், நாமும் கூடவே ஓடுகிறோம். முதல் தடவை அது போதும். இரண்டாம் தடவை பார்க்க உட்காருபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், முடிவையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பலரும் செய்யும் தவறு, படத்துக்கு மார்க் போடுவது. கண்ணை ஸ்கேன் செய்து பேர் சொல்லி அழைக்கும் விளம்பரம் கிட்டத்தட்ட வந்துவிட்டது, டிரைவர் இல்லாத கார் வந்துகொண்டிருக்கிறது, சுவரில் ஏறும் கார் இன்னும் வரவில்லை. நானும் ஒருமுறை இப்படித்தான் பார்த்தேன், படம் முடிந்தபோது மனதில் எதுவும் தங்கவில்லை. 1999-இல் சான்டா மோனிகாவில் நிபுணர்கள் பலரை உட்காரவைத்து, வருங்காலம் எப்படி இருக்கும் என்று ஸ்பீல்பெர்க் கேட்டார். கையசைத்துத் திரையை நகர்த்தும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஜான் அண்டர்காஃப்ளர் வடிவமைத்தார். இவ்வளவு மெனக்கெட்டது ஜோசியம் சொல்வதற்காக இல்லை, அந்த ஊரை நாம் நம்ப வேண்டும் என்பதற்காக. ஒளிந்து ஓடுகிறவன் பேரைச் சுவரெல்லாம் உரக்கச் சொல்கிறதே, அந்த இடத்தில் விளம்பரம் ஒரு கருவி இல்லை. காட்டிக்கொடுக்கும் வாய்.

கருவிகளை விட்டுவிட்டுக் கண்களைப் பின்தொடருங்கள். முதல் காட்சியிலேயே ஒரு வீட்டில் சிறுவன் லிங்கன் முகமூடி செய்துகொண்டிருக்கிறான். கத்தரியின் முனை லிங்கனின் கண்ணில் இறங்குகிறது. கண்ணாடி இல்லாவிட்டால் கண் தெரியாது என்கிறார் அவன் அப்பா. கொஞ்ச நேரத்தில் அவர் கையிலும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். போதைப்பொருள் விற்கிறவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் கண் இருக்கவேண்டிய இடத்தில் குழி. ஆண்டர்டன் தன் கண்களையே மாற்றிக்கொண்டு, பழைய கண்களைப் பையில் போட்டு எடுத்துப் போகிறான். அவை உருண்டு ஓட, பின்னாலேயே துரத்துகிறான். கொலையை முன்கூட்டியே காணும் மூவரில் ஒருத்தியான அகதா அவனைப் பிடித்து இழுத்துக் கேட்கும் முதல் கேள்வியே, தெரிகிறதா என்பதுதான். தொலைந்துபோன மகனை ஒவ்வொரு இரவும் வீடியோவில் பார்த்துப் பார்த்து, எதிரில் இருப்பது எதுவுமே தெரியாமல் போன அப்பாவின் கதை இது. முதல் தடவை இதை நான் கவனிக்கவே இல்லை.

இன்றைய போலீஸ் மென்பொருளோடு இதை அப்படியே ஒப்பிடுவதும் சரியில்லை. குற்றம் எங்கே நடக்கலாம் என்று கணிக்கும் ப்ரெட்பால் என்ற மென்பொருளை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்ப் பல ஆண்டுகள் வைத்திருந்து 2020-இல் கைவிட்டது. அதே ஆண்டு சான்டா குரூஸ் நகரம் இந்த வகை முறைகளுக்கே தடை போட்டது. இந்த வகை மென்பொருள் பழைய குற்றப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. பதிவு அதிகமான தெருவுக்குப் போலீஸ் அதிகம் போகும், போனால் பதிவும் கூடும். அந்த வட்டத்தில் சிக்குவது ஏழைகள் குடியிருக்கும் தெருக்கள்தான். அது வேறு அநீதி, அதைத் தனியாகப் பேச வேண்டும். படம் கேட்பது இதைவிடக் கூர்மையான கேள்வி: கண்டது உண்மையே என்றாலும், நடக்காத குற்றத்துக்குத் தண்டிக்கலாமா? ஆண்டர்டன் ஒரு மரப்பந்தை மேசையில் உருட்டுகிறான், அது விழுவதற்குள், பிரிவைச் சோதிக்க வந்த அதிகாரி விட்வர் பிடிக்கிறார். ஏன் பிடித்தாய்? விழப்போகிறதே. ஆனால் விழவில்லையே. தன் வேலை நியாயமானது என்று காட்டத்தான் அதை உருட்டினான். அந்த வாதமே பிறகு அவன் கழுத்தைப் பிடிக்கிறது.

டிவி விஷயம் சின்னது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாயம் போன மாதிரி இருக்கிறதே என்று வண்ணத்தைக் கூட்டாதீர்கள். ஒளிப்பதிவாளர் யானுஸ் கமின்ஸ்கி பிலிமைக் கழுவும்போது பிளீச் கட்டத்தைத் தவிர்த்து, வெள்ளியைப் பிலிமிலேயே தங்கவிட்டு எடுத்த நிறம் அது. அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கையும் அணைத்துவிடுங்கள்.

ஆண்டர்டன் சிறைக்குப் போனபிறகு வருவதெல்லாம் கனவு என்று ஒரு வாதம் உண்டு. அங்கே இருப்பவர்களுக்குக் கனவெல்லாம் பலிக்குமாம் என்று காவலர் சொல்வதுதான் ஆதாரம். அதை மட்டும் துருவிக்கொண்டு கடைசி அரைமணியைப் பார்க்காதீர்கள். ஆண்டர்டன் பக்கத்திலேயே இல்லாதபோது அவன் மனைவி லாரா, அவனுடைய மேலதிகாரியான கிழவர் பர்ஜஸின் வாய் தவறலைப் பிடித்துவிடுகிறாள். அதைக் கனவு என்று தள்ளினால் லாராவின் துணிச்சல் வீணாகிவிடும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

பிலிப் கே. டிக் 1956-இல் எழுதிய மூலக்கதையைப் படித்துவிட்டுப் படத்தைக் குறை சொல்வதும் வேண்டாம். அங்கே ஆண்டர்டன் வழுக்கை விழுந்த, தொப்பை போட்ட வயசானவர். முடிவும் வேறு திசையில் போகிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, துரத்தல் காட்சி என்று வணிக வளாகக் காட்சியைத் தள்ளிவிடாதீர்கள். நிற்கவே தெம்பில்லாத அகதா ஆண்டர்டனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தடுமாறி நடக்கிறாள். ஓடும் அவசரத்திலும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், அவனுக்குத் தெரிந்துவிட்டது, வீட்டுக்குப் போகாதே என்கிறாள். மேலிருந்து போலீஸ் தேடுகிறது. ஆண்டர்டன் நகரப் பார்க்கிறான், இரு என்கிறாள். பலூன்காரர் ஒருவர் மெல்ல வந்து குறுக்கே நிற்கிறார். அந்த ஒரு நொடி, தேடும் கண்களுக்குத் தெரிவதெல்லாம் பலூன்கள்தான்.