மாற்றுத்திறன் சதவீதம் குறைத்து வந்தால்: மேல்முறையீட்டுக்கு மருத்துவ ஆதாரம் திரட்டும் முறை

என் சித்தப்பா பாம்பனிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போய்வந்தவர். மடி எனும் இழுவலையை இழுக்கும்போது வின்ச் கம்பியில் வலது கை சிக்கியதில் இரண்டு விரல்கள் போயின. முழங்கை எலும்பும் முறிந்தது. பிளேட் வைத்த எலும்பு கூடி, சிகிச்சை முடிந்த பின் மருத்துவச் சான்று முகாமுக்கு அழைத்துச் சென்றோம். சான்றிதழில் 32 சதவீதம் என்று வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சலுகைகள் பலவற்றுக்கும் 40 சதவீதத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. அதைத் தொடாத சான்றிதழை வைத்துக்கொண்டு, இனி கடலுக்குப் போகவே முடியாத ஒரு மனிதர் எந்த அலுவலகத்திலும் நிற்க இயலவில்லை. மேல்முறையீடு செய்தோம், மறுமதிப்பீட்டில் 45 சதவீதம் கிடைத்தது. இடைப்பட்ட நாட்களில் கற்றவற்றை, எங்களைப் போலவே கடற்கரைக் கிராமங்களில் தடுமாறும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முறையை இங்கே விளக்கவில்லை. அதை இ-சேவை மையத்திலேயே செய்து கொடுத்துவிடுவார்கள். சான்றிதழ் வந்து, அதில் உள்ள அளவு சரியில்லை என்று நீங்கள் கருதும் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையைத் தருகிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, முடிவு வெளியான நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சான்றிதழ் உங்கள் கைக்கு வந்த நாளையோ, தளத்திலிருந்து பதிவிறக்கிய நாளையோ நம்பாமல், சான்றிதழில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்தே எண்ணுங்கள். யாரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதை இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தரகர் எவருக்கும் இதில் வேலை இல்லை. வழக்கறிஞர் உதவி தேவைப்பட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் இலவசமாக உதவி செய்ய மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அந்த உரிமையை அளிக்கிறது.

இரண்டாம் படி: எதை விட்டுவிட்டார்கள் என்று கண்டுபிடியுங்கள்

சான்றிதழில் இருப்பது இறுதி எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எப்படி வந்தார்கள் என்பது மதிப்பீட்டுத் தாளில் இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள்; கொடுக்கத் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாட்கள் உண்டு என்பதால், 90 நாள் கணக்கில் இதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.

எங்கள் தாளைப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. கையின் பிடிப்பு, உணர்ச்சி, வலிமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டிருந்தார்கள். முழங்கை, தோள் ஆகியவற்றுக்கான பகுதி வெறுமையாகவே இருந்தது. மத்திய அரசு 2018 ஜனவரி 4 அன்று வெளியிட்டு, பின்னர் 2024இல் திருத்திய மதிப்பீட்டு வழிகாட்டுதல்களில், மேல் உறுப்பு என்பது கை (விரல்கள் உள்ள பகுதி), புயம் (தோள், முழங்கை உள்ள பகுதி) என்று இரு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட்டு ஒரு சூத்திரத்தால் இணைக்க வேண்டும். அதிக எண்ணை அ என்றும், குறைந்த எண்ணை ஆ என்றும் கொண்டால், அ + ஆ × (90 − அ) ÷ 90 என்பது அந்தச் சூத்திரம். சித்தப்பாவின் கைக்கு 32, விடுபட்ட முழங்கைக்கு 20 என்றால், நேராகக் கூட்டி 52 என்று எழுதக் கூடாது. 90இலிருந்து 32ஐக் கழித்து, அதை 20ஆல் பெருக்கி, 90ஆல் வகுத்தால் ஏறத்தாழ 12.9 வரும், 32உடன் கூட்டினால் 44.9. அதுதான் 45 ஆனது. நோய் முற்றவில்லை, புதிய காயம் ஏற்படவில்லை. அளக்காமல் விட்ட ஒரு மூட்டை அளந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் வீட்டில் பாதிக்கப்பட்டவருக்கு எந்தெந்த உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, மதிப்பீட்டுத் தாளில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அந்தக் காலிக் கட்டத்துக்கான ஆதாரத்தைத் திரட்டுவதே உங்கள் முதல் வேலை.

மூன்றாம் படி: பழைய ஆவணங்கள்

விபத்து நடந்த அன்று போட்ட ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, ஓ.பி. சீட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள் ஆகியவை தேவை. உள்நோயாளியாக இருந்த ஆவணங்களை மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் அவற்றை மருத்துவர் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. விபத்து நடந்து மூன்றாம் ஆண்டை நெருங்குபவர்கள் நாளைக்கே புறப்படுங்கள்.

எங்கள் பகுதியின் உப்புக் காற்றை மனத்தில் வைத்து இதைச் சொல்கிறேன்: எக்ஸ்ரே படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பரணில் வைத்தால் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்துவிடும். ஒவ்வொரு படத்தையும் வெள்ளைத் தாள் இடையிட்டு, நிமிர்த்திய நிலையில் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிடும் இ.சி.ஜி. போன்ற அறிக்கைகள் சில மாதங்களில் வெளுத்துவிடும். பாதுகாப்பு என்று எண்ணி லேமினேஷன் செய்தால் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். அவற்றை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுப்பது ஒன்றே வழி. ஸ்கேன் எடுக்கும்போது படத்தோடு சி.டி.யும் கேட்டு வாங்குங்கள்.

பெயர்ச் சிக்கலையும் இந்தக் கட்டத்திலேயே தீர்த்துவிடுங்கள். மருத்துவமனைச் சீட்டில் வீட்டில் அழைக்கும் பெயர், ஆதாரில் ஞானஸ்நானப் பெயர், குடும்ப அட்டையில் வேறு முன்னெழுத்து என்று இருப்பது எங்கள் தீவில் சாதாரணம். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, கோப்பின் முகப்பிலேயே வைத்துவிட்டால் பிறகு கேள்வி எழாது.

நான்காம் படி: மருத்துவரின் கடிதம்

நாங்கள் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ஆகவே இங்கே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் வாங்கிய கடிதத்தில், "வலது கையில் இரு விரல்கள் துண்டிப்பு, முழங்கை எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது, நிலை சீராக உள்ளது" என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயினும் அந்தக் கடிதம் எங்களுக்குப் பயன்படவில்லை. "நிலை சீராக உள்ளது" என்றால் இனி மாற்றம் இருக்காது என்பது மருத்துவரின் பொருள். படிக்கிறவருக்கோ, ஆள் தேறிவிட்டார் என்று தோன்றும். மேலும் அதில் நோயின் பெயர் இருந்ததே தவிர, அந்தக் கையால் என்ன முடியும், என்ன முடியாது என்பது ஒரு வரிகூட இல்லை. மதிப்பீடு செய்பவர்கள் நோயின் பெயருக்கு மதிப்பெண் இடுவதில்லை. இழந்த இயக்கத்தையும் வலிமையையும் உணர்ச்சியையுமே அளக்கிறார்கள்.

இரண்டாம் முறை போகும்போது, மருத்துவர் பதில் எழுத வேண்டிய கேள்விகளை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் சென்றேன். முழங்கை எத்தனை பாகையிலிருந்து எத்தனை பாகை வரை மடங்குகிறது? உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடிகிறதா? தசை வலிமை 0 முதல் 5 வரையிலான அளவில் எந்த நிலை? எந்த விரல்களில் தொடுவுணர்ச்சி இல்லை? கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடுகிறதா? அவர் வலது கைப் பழக்கம் உடையவரா? இனிச் சிகிச்சையால் மேம்பட வாய்ப்பு இருக்கிறதா, அல்லது இது நிரந்தரமா? மருத்துவர் நிமிர்ந்து பார்த்து, "இதைத்தானே முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்" என்றார். அவரது அறைக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். கேள்வி தெளிவாக இருந்ததால் பத்து நிமிடத்தில் எழுதி முடித்தார். முழங்கை 40 பாகையிலிருந்து 95 பாகை வரைதான் மடங்கும் என்ற அந்த ஒரு வரி, முன்பு வாங்கிய கடிதம் முழுவதையும்விட எங்களுக்கு உதவியது. பழுதில்லாத முழங்கை நேராக நீண்டு, ஏறத்தாழ 140 பாகை வரை மடங்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடிதத்தில் தேதி, மருத்துவரின் பதிவு எண், முத்திரை, கையொப்பம் நான்கும் இருக்க வேண்டும். கூட்டி எழுதும்படி மருத்துவரை ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள். மறுமதிப்பீட்டில் அதே மூட்டை மீண்டும் அளப்பார்கள். அளவு பொருந்தாவிட்டால் உண்மையான மற்றப் பகுதிகளின் மீதும் ஐயம் விழும்.

ஐந்தாம் படி: அளவைச் சோதனைகள்

அறுவைச் சிகிச்சை நிபுணரைவிட, இயன்முறை மருத்துவரிடம் வாங்கும் அளவைத் தாளே எனக்கு நம்பிக்கையானது. அவர்கள் கோனியோமீட்டர் கொண்டு ஒவ்வொரு மூட்டையும் அளந்து, இடதையும் வலதையும் அருகருகே எழுதுவார்கள். பிடி வலிமையை டைனமோமீட்டரில் அளந்து தரும் இடமாக இருந்தால் இன்னும் நல்லது. விரல் மரத்திருந்தால் நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுங்கள். முழங்கை முறிவில் சுண்டுவிரல் பக்கத்து நரம்பு நசுங்குவது உண்டு, அதை எக்ஸ்ரே காட்டாது. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் சோதனைக்குத் தனியாரிடம் பணம் கட்ட வேண்டாம். இராமநாதபுரத்தில் இல்லை என்றால், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். பேருந்துக் கட்டணம் மட்டுமே செலவு.

ஆறாம் படி: வீட்டிலிருந்து தரும் சான்று

இது மருத்துவ ஆவணம் அன்று. ஆனால் மருத்துவ ஆவணத்துக்கு உயிர் கொடுப்பது. இரண்டு வாரம் ஒரு நோட்டில், முடியாமல் போனவற்றைத் தேதியிட்டு எழுதினோம். கைலியை இறுக்கி முடிய முடியவில்லை. சோற்றைப் பிசைந்து எடுத்தால் வாய்க்குப் போகும் முன் சிந்துகிறது. வலை பொத்த ஊசியைப் பிடிக்க முடியவில்லை. நங்கூரக் கயிற்றில் முடிச்சிட முடியவில்லை. "மிகவும் சிரமப்படுகிறார்" என்று ஒருபோதும் எழுதாமல், எந்தச் செயல், எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று மட்டும் எழுதுங்கள். உடன் தொழில் செய்தவர்களின் வாக்குமூலம் வேண்டுமானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அனைவரும் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: கோப்பு கட்டுதல்

மேல்முறையீட்டுக் கடிதம் ஒரு பக்கம், அதனடியில் பழைய சான்றிதழின் நகல், பிறகு மருத்துவரின் புதிய கடிதம், அளவைத் தாள், சோதனை அறிக்கைகள், பழைய ஆவணங்கள், கடைசியில் வீட்டுக் குறிப்பு. பக்க எண் இட்டு, கடிதத்தில் "முழங்கை இயக்கம் மதிப்பிடப்படவில்லை, பக்கம் 4 காண்க" என்று எண்ணைச் சுட்டுங்கள். மூலப் பிரதியை எங்கும் கொடுக்காதீர்கள். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குவதையே நான் விரும்புகிறேன். விதிகளின்படி உங்களை நேரில் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். 60 நாட்களுக்குள் காரணத்தோடு கூடிய ஆணை தர வேண்டும். தாமதமானால் அந்த முத்திரையோடு திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

45 சதவீதம் வந்துவிட்டால் எல்லாத் திட்டமும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு; மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பின் எழுந்த இரு ஐயங்கள்

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், சங்கு குளித்துக் காது கேளாமல் போன தந்தைக்கு இதே முறை பொருந்துமா என்று கேட்டார். முறை பொருந்தும், ஆதாரம் வேறு. சட்டம் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பைக் கேட்கும் திறன் குறைவு என்றும், 70 டெசிபலை எட்டினால் காது கேளாமை என்றும் வரையறுக்கிறது. ஒரு காது மட்டும் என்றால் மனம் தளராமல் மற்றக் காதையும் முழுமையாகச் சோதியுங்கள். சங்கு குளிக்கிறவர்களுக்கு இரு காதும் தேய்ந்திருப்பது உண்டு. காது வழிகிற நாளில் எடுக்கும் ஒலி அளவை அறிக்கை நிற்காது. காய்ந்த பின் எடுங்கள். அளவில் ஐயம் வந்தால் பெரா எனப்படும் மூளைத்தண்டுச் சோதனையைக் கேளுங்கள். அதற்கு நோயாளி பதில் சொல்லவே தேவையில்லை.

ஏர்வாடியிலிருந்து ஒரு தாய், மகனின் மனநோய்க்குப் பல ஆண்டுகள் தர்காவிலேயே தங்கியிருந்ததால் சீட்டே இல்லை என்று வருந்தினார். மனநோய்க்கு ஐடியாஸ் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும், கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மாதம் நோய் இருந்தது என்பதையும் அது பார்க்கிறது. எனவே போன பத்து ஆண்டுகளின் சீட்டு இல்லையே என்று கலங்க வேண்டாம். இன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு, மாதம் தவறாமல் போய், ஒவ்வொரு முறையும் அந்த நான்கைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் பதியச் செய்யுங்கள். அவன் தானே குளித்தானா, சாப்பிட அழைத்தால் வந்தானா என்று அம்மா சொல்வதும் அங்கே ஆதாரமாகப் பதிவாகும்.