கவர் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நொடியிலேயே, எதிராளி எங்கே என்று தெரிவதற்குள் செத்துவிடுகிறீர்களா? பிங்கை, அதாவது இணையத் தாமதத்தை, குறை சொல்வதற்கு முன், சுவருக்கு எவ்வளவு நெருக்கமாக நின்றீர்கள் என்று ரீப்ளேயில் பாருங்கள். கவர் எடுப்பதில், அதாவது குண்டு படாமல் எதற்காவது பின்னால் மறைவதில், ஆகப் பெரிய தவறு அதுதான்: மூலையை ஒட்டி நிற்பது.

ஆடுபவரின் கண் வழியே காட்டும் ஃபர்ஸ்ட் பெர்சன் கேமில் கேமரா முகத்தின் நடுவே இருக்கிறது. தோளும் துப்பாக்கி முனையும் அதைத் தாண்டி நீள்கின்றன. மூலையை ஒட்டி நிற்பவரின் தோள், தள்ளி நிற்பவருக்கு முதலில் தெரிந்துவிடும். கோணக் கணக்கும் இருக்கிறது. மூலையிலிருந்து அரை மீட்டரில் நின்று பக்கவாட்டில் அரை மீட்டர் நகர்ந்தால், ஒரே அடியில் 45 டிகிரி திறக்கும். மூன்று இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் குண்டு வரலாம். 2 மீட்டர் தள்ளி நின்று அதே அளவு நகர்ந்தால் சுமார் 14 டிகிரிதான். ஒவ்வொரு கோணமாகப் பார்த்துப் பார்த்து முன்னேறலாம். பின்னால் நகர்ந்தால் வேறொரு பக்கம் உடல் தெரியும் என்றால் மட்டும் ஒட்டி நில்லுங்கள்.

மறைப்பதெல்லாம் குண்டைத் தடுக்காது. ஸ்மோக் (புகைக் குண்டு) பார்வையை மட்டுமே மறைக்கும். சிஎஸ் 2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) கேமில் ஒரு கையெறி குண்டு வெடித்தாலே ஸ்மோக்கில் சில நொடிகள் ஓட்டை விழும். அதே கேமின் டஸ்ட் 2 மேப்பில் (ஆடுகளத்தில்) நடுவே இருக்கும் மிட் கதவு மரம். ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கியின் குண்டு அதைத் துளைத்துக்கொண்டு வரும். ரெயின்போ சிக்ஸ் சீஜ் கேமில் இரும்புத் தகடு அடிக்காத மெல்லிய சுவருக்குப் பின்னால் நிற்பதும் அப்படித்தான். அடிக்கடி ஆடும் மேப்பை ஆட்களில்லாமல் திறந்து, வழக்கமாக நிற்கும் பெட்டிகளைச் சுட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

பெட்டிக்கு மேலே தலை மட்டும் தெரிந்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். தெரிகிற அந்த ஒரே பகுதிதான் தலை! சிஎஸ் 2-இல் ஏகே-47, வாலரன்ட் கேமில் வாண்டல் துப்பாக்கி, இரண்டுக்கும் ஒரு ஹெட்ஷாட் போதும். அந்தப் பெட்டி தெரிந்த இடமென்றால் எதிராளியின் க்ராஸ்ஹேர் (குறிப் புள்ளி) அங்கேயே காத்திருக்கும்.

அதே இடத்தில், அதே உயரத்தில் மறுபடி பீக் செய்வதும் (எட்டிப் பார்ப்பதும்) உயிரை வாங்கும். முதல் முறை பார்த்துவிட்டவர் குறி வைத்தே நிற்பார். இரண்டாம் முறை மறுபக்கம் வாருங்கள், அல்லது தோளை மட்டும் காட்டி உடனே உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். ஏடபிள்யூபி வைத்திருப்பவர் அதை நம்பிச் சுட்டுவிட்டால், அடுத்த குண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அப்போது வெளியே வரலாம்.

வெளியேற வழியில்லாத மூலை கவரே இல்லை. சிஎஸ் 2-இல் ஒரு மாலடோவ் தீக்குண்டு சுமார் 7 நொடி எரியும். உள்ளே இருந்தால் கருக வேண்டும், வெளியே வந்தால் குண்டு வாங்க வேண்டும். நிற்பதற்கு முன்பே, தீ விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்து வையுங்கள்.

பப்ஜியில் காருக்குப் பின்னால் ஒளிபவர்கள் இரண்டை மறக்கிறார்கள். அடியில் இடைவெளி இருக்கிறது. எதிராளி தரையில் படுத்தால் உங்கள் கால் தெரியும், ஆகவே சக்கரத்துக்கு நேராகக் குனியுங்கள். அடி வாங்கி வாங்கிப் புகைய ஆரம்பித்த கார் மேலும் அடி வாங்கினால் வெடிக்கும், பக்கத்தில் இருந்தால் நீங்களும் போவீர்கள். புகை தெரிந்ததும் அடுத்த மரத்துக்கோ பாறைக்கோ ஓடிவிடுங்கள்.