கடன் வாங்கிக் கழித்தலில் தடுமாறும் பிள்ளைக்கு: குச்சியிலிருந்து நோட்டுக்கு

மூன்றாம், நான்காம் வகுப்பில் ‘கணக்கு வராது’ என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் பலர் சிக்கி நிற்பது இனமாற்றிக் கழித்தலில், அதாவது கடன் வாங்கிக் கழிப்பதில்தான். இன்னும் முப்பது கணக்கு கொடுத்தால் தப்பான வழிதான் கைக்குப் பழகும். பிழை எங்கே என்று முதலில் பாருங்கள்.

படி 1: நான்கு கணக்கு கொடுங்கள். 47−23, 52−27, 60−34, 402−168. திருத்த வேண்டாம், விடையை மட்டும் கவனியுங்கள். 52−27க்கு 35 வந்தால், மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது பிள்ளை. 60−34க்கு 34 வந்தாலும் அதே பிழைதான். 30 வந்தால், ‘பூஜ்யத்தில் ஒன்றும் போகாது’ என்று பூஜ்யத்தையே எழுதிவிட்டது.

படி 2: நூறு ஈர்க்குச்சி, பத்து ரப்பர் பேண்ட். பத்துப் பத்தாகக் கட்டுவது பிள்ளையின் வேலை. நீங்கள் கட்டிக் கொடுத்தால் உள்ளே பத்து இருப்பதை அது நம்பாது, ஒவ்வொரு முறையும் பிரித்து எண்ணும். மணிச்சட்டத்தை இந்தக் கட்டத்தில் எடுக்கவே வேண்டாம். அதில் ஒரு மணிக்குப் பதில் பத்து மணி போடுகிறோம், கட்டு உடைவது கண்ணுக்குத் தெரியாது.

படி 3: 52−27 போடுவோம். 52க்கு ஐந்து கட்டு, இரண்டு உதிரி. முதலில் 7 உதிரி எடுக்கச் சொல்லுங்கள். போதாது என்று பிள்ளையே சொல்லட்டும். ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு உதிரியும் இரண்டு கட்டும் போனால் 25.

படி 4: பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். குச்சியில் சரியாகச் செய்யும் பிள்ளை நோட்டில் மறுபடி 35 எழுதும், ஏனென்றால் அதற்கு இரண்டும் வேறு வேறு வேலை. எனவே கையும் பேனாவும் சேர்ந்தே நகர வேண்டும். கட்டைப் பிரித்த அதே நொடியில் 5ஐ அடித்து 4, இரண்டுக்கு மேல் 12. முதலில் நீங்கள் குச்சி, பிள்ளை நோட்டு. பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து குச்சியைத் துணியால் மூடிவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதன்பின் வெறும் நோட்டு. தொடர்ந்து இரண்டு தப்பு வந்தால் தயங்காமல் ஒரு கட்டம் பின்னே போகலாம்.

நோட்டு கட்டம் போட்டதாக இருக்கட்டும், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். கோடு போட்ட நோட்டில் பத்தின் இலக்கம் ஒன்றின் இலக்கத்துக்குக் கீழ் நழுவும்.

படி 5: நடுவில் பூஜ்யம். 402−168க்குக் குச்சி கட்டுப்படியாகாது. விளையாட்டு ரூபாய் எடுங்கள். நூறு ஐந்து, பத்து இருபது, ஒன்று இருபது போதும். நான்கு நூறு, இரண்டு ஒன்று வைத்து எட்டு ரூபாய் கேளுங்கள். பத்து ரூபாயே இல்லை, ஆகவே ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்க வேண்டும். இப்போது நூறு 3, பத்து 9, ஒன்று 12. 168 போக விடை 234. பிள்ளை 244 எழுதினால் பத்தை 9 ஆக்க மறந்திருக்கிறது. 264 என்றால் நூறிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவி, பத்தில் 6−0 செய்திருக்கிறது.

12−7, 15−8 போன்றவற்றுக்கு விரல் விடும் பிள்ளைக்கு நடுவில் கணக்கே மறந்துவிடும். பத்தின் ஜோடிகளை (8+2, 7+3 போல) தனியாக ஐந்து நிமிடம் பழக்குங்கள்: 13−8 என்றால், 10இல் 8 போக 2, அதோடு 3, ஆக 5. மொத்தமாக ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஆறு கணக்கு. அதற்கு மேல் வேண்டாம்.

பின்சேர்க்கை: கடன் வாங்கப் பழகிய பிறகு 58−23க்கும் கடன் வாங்கி 215 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஒரே வகைக் கணக்காகக் கொடுத்ததன் விளைவு இது. பத்துக் கணக்கைக் கலந்து எழுதி, போடவே விடாமல், ‘பிரிக்கணுமா, வேண்டாமா?’ என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். வந்த விடையோடு 23ஐக் கூட்டி, 58 வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தையும் அப்போதே தொடங்கிவிடலாம்.