நூலக ஓபேக்ல தமிழ்ப் புத்தகம் சிக்கலையா? இப்படித் தேடிப் பாருங்க

ஓபேக்ல, அதாவது நூலகத்துப் புத்தகங்களைக் கம்ப்யூட்டர்ல தேடுற பட்டியல்ல, "முடிவுகள் எதுவும் இல்லை"ன்னு வந்தா புத்தகமே இல்லைன்னு நினைச்சுடாதீங்க, பல நேரம் நீங்க அடிச்ச எழுத்தும் என்ட்ரி போட்டவர் அடிச்ச எழுத்தும் ஒத்துப்போகலை, அவ்வளவுதான்.

முழுத் தலைப்பையும் அடிக்க வேணாம். அதுல அபூர்வமா வர்ற ஒரு சொல்லை எடுத்து, வாலை வெட்டிட்டு ஸ்டார் குறி போடுங்க. வரலாறு, வரலாற்றில், வரலாற்று எல்லாமே 'வரலா*'ல மாட்டும், ஒற்று மிகுமா மிகாதா, சேர்த்து எழுதினாங்களா பிரிச்சாங்களாங்குற தொல்லையும் பாதி குறையும். கோஹாங்குற நூலக சாஃப்ட்வேர் போட்டிருக்குற நூலகங்கள்ல இது பெரும்பாலும் வேலை செய்யும்.

ஆசிரியர் பேர்ல இனிஷியலை விட்டுடுங்க, ஏன்னா புள்ளி, ஸ்பேஸ் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி போட்டிருப்பாங்க. முதல் எழுத்தே மாறுற பேருங்கதான் ரொம்பப் படுத்தும். நம்ம ஊர் நூலகத் துறைக்கே முன்னோடியான ரங்கநாதனை எடுத்துக்கங்க, ஒரு இடத்துல ரங்கநாதன், இன்னொரு இடத்துல அரங்கநாதன், சில இடத்துல ரெங்கநாதன், மூணையும் தனித்தனியாத்தான் தேடணும், ஸ்டார் இங்க உதவாது.

வாட்ஸ்அப்ல வந்த தலைப்பை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, கையால அடிங்க. 'கொ'ங்குற எழுத்துல கொம்பும் காலும் ஒரே குறியா இருக்கலாம், ரெண்டு தனிக் குறியாவும் இருக்கலாம், கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா சாஃப்ட்வேர் ரெண்டையும் சமமாக்கிப் பார்க்கலைன்னா கிடைக்காது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக கேட்டலாக்னா கதையே வேற. தமிழை ஆங்கில எழுத்துல எழுத அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தோட எழுத்துப்பெயர்ப்பு முறையைத்தான் நிறைய பேர் பின்பற்றுறாங்க, அதுல எழுத்துக்கு எழுத்து மாத்துவாங்க, உச்சரிப்பைப் பார்க்க மாட்டாங்க. க எங்க வந்தாலும் 'k', ச-வுக்கு 'c', த-வுக்கு 't', அதனால தலைப்புல காந்தி வந்தா 'kanti'ன்னு அடிக்கணும், 'g'ல ஆரம்பிச்சா சிக்காது. அந்த ஆங்கில எழுத்துக்கு மேல கீழ வர்ற கோடு புள்ளியை பெரும்பாலும் விட்டுடலாம்.

புத்தகத்துக்குன்னு குடுக்குற தனி எண்ணான ஐஎஸ்பிஎன் கையில இருந்தா ஹைஃபன் இல்லாம அதையே போடுங்க. 2007க்கு முந்தின புத்தகத்துக்கு 10 இலக்கம்தான் இருக்கும், 13 இலக்க எண்ணுல 978ஐ மட்டும் வெட்டினா சரியா வராது, கடைசி இலக்கமும் பெரும்பாலும் மாறும்.

எதுவுமே நடக்கலையா, அலமாரிக்கே போங்க. புத்தகங்களைப் பொருள்வாரியா எண் போட்டு அடுக்குற டூயி முறைன்னா தமிழ் இலக்கியம் 894.811, அதுக்கப்புறம் 1 வந்தா கவிதை, 3 வந்தா கதை.

இவ்வளவையும் வாசகர் தெரிஞ்சு வெச்சுக்கணும்னு எதிர்பார்க்குறதே தப்புன்னு நான் உறுதியா நம்புறேன். வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்துன்னு ரங்கநாதன் 1931லயே விதியா எழுதி வெச்சுட்டார், அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர். நான் போற நூலகத்துல தேடல் பெட்டிக்கு முன்னாடி தலைப்பா, ஆசிரியரா, பொருளான்னு ஒரு மெனு, தப்பா எடுத்தா வெறும் பூஜ்யம், பேக் போனா அடிச்சதும் காணோம். ஒரு பெரியவர் அதோட மல்லுக்கட்டிட்டு வெறுங்கையோட போறதைப் பார்க்க வயிறு எரியுது.

சாஃப்ட்வேர் செய்றவங்களே, ஒரே பெட்டி போதும், எல்லாத்துலயும் தேடட்டும். ற-ர, ன-ண, ல-ள-ழ குழப்பத்தை நீங்க தாங்கிக்கங்க. பூஜ்யம் வந்தா கிட்டத்தட்ட ஒத்துப்போற நாலு தலைப்பையாவது காட்டுங்க. அடிச்சதை அழிக்காதீங்க.

வாசகர்களும் ஒண்ணு செய்யலாம், தேடிக் கிடைக்காம அப்புறம் அலமாரியில கிடைச்ச புத்தகம்னா, நீங்க அடிச்ச சொல்லையும் புத்தக எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நூலகர்கிட்ட குடுங்க, அந்த என்ட்ரியில இன்னொரு தலைப்பு வடிவத்தைச் சேர்க்க அவங்களுக்கு அது போதும்.